தலையை எண்ணுவது, தலைக்குள்ளே போவது

ஆராய்ச்சி செய்கிறவர்களில் இரண்டே ரகம். 'எத்தனை?' என்று கேட்கிறவர்கள் ஒன்று. 'ஏன்? எப்படி?' என்று கேட்கிறவர்கள் இன்னொன்று. முதல் ரகத்தின் கையில் கால்குலேட்டர் இருக்கும். இரண்டாவது ரகத்திடம் நோட்டுப் புத்தகமும், எதிராளி வீட்டுக் காபியை எத்தனை தடவை வேண்டுமானாலும் குடிக்கிற பொறுமையும் இருக்கும். முன்னதற்குக் குவான்டிடேடிவ் என்று பேர், பின்னதற்குக் குவாலிடேடிவ். எண்ணிக்கை ஆய்வு, தன்மை ஆய்வு என்று தமிழில் சொல்லலாம். இரண்டு கோஷ்டிக்கும் பல காலமாகச் சம்பந்தி சண்டை.

'உங்க கிட்ட வெறும் கதைதான் இருக்கு, கணக்கு எங்கே?' என்பார்கள் இவர்கள். 'உங்க கிட்ட வெறும் கணக்குதான் இருக்கு, மனுஷன் எங்கே?' என்பார்கள் அவர்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதவேண்டிய மாணவர்கள்.

தாம்பரத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குக் குறைச்சல் இல்லை. 1937-இல் எஸ்பிளனேடிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு கிறிஸ்துவக் கல்லூரி இங்கே வந்ததிலிருந்து ஆரம்பித்த வழக்கம். இப்போது ஜி.எஸ்.டி. ரோடில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலேஜ் பஸ். அதனால் ஃபாரமும் கையுமாக நிற்கும் பிள்ளைகளிடமிருந்து இந்தப் பக்கத்து ஜனங்கள் தப்பிக்க முடியாது. 'ஸார், ஒரு ரெண்டு நிமிஷம் ஸார்' என்பார்கள். ஃபாரத்தில் நாற்பத்தெட்டு கேள்வி இருக்கும்.

இந்தக் கேள்வித்தாள் முறையைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற கணக்கு நிஜமாகவே அழகானது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அதேதான். குலுக்கல் முறையில் சரியாகத் தேர்ந்தெடுத்த ஆயிரம் பேரைக் கேட்டால், வருகிற சதவிகிதம் பெரும்பாலும் நிஜத்திலிருந்து மூன்று புள்ளி முன்னேபின்னே இருக்கும். தாம்பரத்துக்கும் ஆயிரம் பேர் போதும், தமிழ்நாட்டுக்கும் கிட்டத்தட்ட அதே ஆயிரம் போதும். பானை பெரிசா சின்னதா என்பது முக்கியமில்லை.

முக்கியமானது, பானையைக் கிளறினீர்களா என்பது.

காலை எட்டரை மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் ப்ளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டு ஆயிரம் பேரைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் எல்லாருமே டிபன் பாக்ஸ் வைத்திருக்கிறார்கள், பாட்டிகளே கிடையாது, குழந்தைகள் பிறப்பதில்லை என்றெல்லாம் முடிவு வரும். ஆயிரத்துக்குப் பதில் லட்சம் பேரைக் கேட்டாலும் இதே தப்புதான் வரும், இன்னும் அதிக நிச்சயத்தோடு.

இது ஏதோ என் கற்பனை இல்லை. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்கிற வாரப் பத்திரிகை ஜனாதிபதி தேர்தலுக்காக ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். காரணம், டெலிஃபோன் டைரக்டரி, கார் ரிஜிஸ்டர் என்று பார்த்து விலாசம் எடுத்திருந்தார்கள். அந்த வருஷத்தில் போனும் காரும் யாரிடம் இருந்தன? பானையின் மேல் சோறு மட்டும். தவிர, மெனக்கெட்டுப் பதில் போட்டவர்கள் பாதிக்கு மேல் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள். பத்திரிகை அப்புறம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. வாரப் பத்திரிகையில் எழுதுகிறவன் என்கிற முறையில் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

ஆக, எண்ணுவதிலும் எண்ணத் தெரியவேண்டும். அது சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம சென்னையே ஒரு சாட்சி.

பீச்சிலிருந்து வரும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்துக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால் 'தாம்பரம் சானடோரியம்' வரும். தினம் அந்தப் பெயரை வாசித்துக்கொண்டே போகிறோம். டி.பி. வந்தால் மரத்தடிக் காற்று, ஓய்வு, முட்டை, பால் என்று ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வைப்பதுதான் ஒரு காலத்து வைத்தியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் இங்கே சானடோரியம் ஆரம்பித்தது அந்த எண்ணத்தில்தான். ஆனால் நாட்டில் இருந்த டி.பி. நோயாளிகளுக்குக் கட்டில் போட வேண்டுமென்றால் ஜில்லாவையே சானடோரியமாக்க வேண்டியிருந்திருக்கும்.

1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி மையம் திறந்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் எல்லாம் கூட்டு. கேள்வி ஒன்றே ஒன்று: மாத்திரை கொடுத்து வீட்டிலேயே வைத்துக்கொண்டால் குணமாகுமா, ஆகாதா? சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியம். பாதிப் பேர் வீடு. வீடு என்றால், ஒரே அறையில் ஆறு பேர், சாப்பாடு அரைகுறை, ஓய்வு என்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேள்விப்படுகிற வார்த்தை. இரண்டு பக்கத்துக்கும் அதே மருந்து, ஒரு வருஷம்.

1959-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே பலன். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகமே திரும்பிப் பார்த்தது. பல நாடுகளில் சானடோரியங்களை இழுத்து மூடியதற்கு இந்த மெட்ராஸ் கணக்கும் ஒரு காரணம். நம்ம சானடோரியம் மூடவில்லை. அது நெஞ்சக நோய்களுக்கான அரசு ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. தொண்ணூறுகளில் மற்ற இடங்களில் தொடப் பயந்த ஹெச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு பார்த்தது.

இந்தக் கேள்விக்குக் கதை கேட்டுப் பதில் கண்டுபிடித்திருக்க முடியாது. 'சானடோரியத்துல படுத்துத்தான் ஸார் பொழைச்சேன்' என்று நூறு பேர் கண்ணில் நீரோடு சொல்லியிருப்பார்கள். பொய்யே இல்லை. ஆனால் வீட்டில் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பார்களா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை எண்ணித்தான் பார்க்கவேண்டும். குவான்டிடேடிவுக்கு ஒரு ஜே!

ஆனால் கதை இங்கே முடியவில்லை.

வீட்டுக்கு மாத்திரை கொடுத்தனுப்பினால், சாப்பிடுகிறார்களா? 'சாப்பிட்டியாப்பா?' 'சாப்ட்டேங்கய்யா.' ஃபாரத்தில் 'ஆம்' என்று டிக். சேத்துப்பட்டு ஆசாமிகள் கில்லாடிகள். திடீரென்று போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். எல்லா 'ஆம்'களும் ஆம் இல்லை என்று தெரிந்தது. ஒழுங்காகச் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்பதுவரைக்கும் எண் சொல்லிவிடும்.

ஏன் சாப்பிடவில்லை?

இங்கேதான் ஃபாரம் கையை விரிக்கிறது. முதல் இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும், 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. மருந்து வயிற்றைப் பிரட்டும். இதையெல்லாமாவது கேட்டால் சொல்லிவிடுவார்கள். 'மாத்திரையைப் பார்த்தா மாமியாருக்குத் தெரிஞ்சிடும்' என்பதை ஒரு பெண் எந்தப் பெட்டியில் டிக் பண்ணுவாள்? அதை யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, மாமியார் குழாயடிக்குப் போகும்வரை காத்திருந்து கேட்கவேண்டும். பாதியில் விட்ட டி.பி. மருந்து, அடுத்த முறை கேட்காத டி.பி.யாகத் திரும்பி வரும். அதனால் இந்த 'ஏன்' என்பது பொழுதுபோகாதவன் கேள்வி இல்லை. உயிர் போகிற கேள்வி.

இரண்டும் கைகோத்த ஒரு சம்பவமும் நம்ம ஊரில் உண்டு. 1985-86-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த நிர்மலா என்கிற மாணவிக்கு, அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஒரு ஆய்வு கொடுத்தார். எய்ட்ஸ் கிருமி இந்தியாவுக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது. இருநூறு ரத்த மாதிரி வேண்டும், முக்கியமாகப் பாலியல் தொழில் செய்கிற பெண்களிடமிருந்து. பம்பாய் மாதிரி சென்னையில் அதற்கென்று ஒரு தெரு கிடையாது. எந்த லிஸ்டிலும் விலாசம் இல்லாதவர்கள். நிர்மலா ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்கள் ஓரிருவரிடம் சிநேகம் பிடித்து, பேசி, அவர்கள் வழிகாட்ட, போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்த விடுதிக்குப் போய் மாதிரி எடுத்தார். வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதித்தபோது முதலில் ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. 'ஆறு' என்பது எண். அந்த ஆறுக்குப் போன வழி முழுக்கப் பேச்சு.

என் அக்கா பையன் இந்த வருஷம் முதுகலை ப்ராஜெக்ட் பண்ணுகிறான். 'மாமா, குவாலிடேடிவ்னா ஈஸிதானே? பத்துப் பேர் கிட்டப் பேசிட்டு எழுதிடலாம். கணக்கு வேணாம்' என்றான்.

'யாருடா சொன்னது?'

'எல்லாரும் சொல்றாங்க மாமா.'

'எத்தனை பேர்?' என்றேன். முறைத்தான்.

இந்த அபிப்பிராயம் பரவலாக இருப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 'என் ஃப்ரண்டுக்கு அப்படித்தான் ஆச்சு' என்பது குவாலிடேடிவ் ஆராய்ச்சி இல்லை. அது டீக்கடை. ஆராய்ச்சி என்றால், யாரிடம் பேசுவது என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். வசதியாகக் கிடைத்தவரை மட்டும் பிடிக்கக்கூடாது. சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், உனக்குப் பிடித்த மாதிரி இல்லை. அடுத்தடுத்துப் பேசுகிறவர்களிடம் புதிதாக ஒன்றும் வராத வரைக்கும் தொடரவேண்டும். உன் முடிவுக்கு நேர்மாறாகச் சொல்கிற ஒருத்தரைத் தேடிப்போய்க் கேட்கவேண்டும். சொன்னதைக் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கவேண்டும்.

கண்ணால் பார்ப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம். 'வீட்டு வேலையில் மனைவிக்கு உதவி செய்கிறீர்களா? எப்போதும் / அடிக்கடி / எப்போதாவது / இல்லை.' குரோம்பேட்டையில் ஒரு ஹாலில் உட்கார்ந்து ஒரு கணவரைக் கேட்கிறீர்கள். 'அடிக்கடி' என்கிறார். உள்ளே சமையலறையில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுகிறது. எண்ணிக்கை ஆய்வாளர் 'அடிக்கடி'யில் டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார். தன்மை ஆய்வாளர் அந்த 'ணங்'கையும் எழுதிக்கொள்வார். உண்மை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இந்த 'ணங்'குகளைச் சேர்ப்பதில் பெரிய ஆள் எம்.என்.சீனிவாஸ். 1948-இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் போய்த் தங்கினார். எழுதும்போது அந்த ஊருக்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். யார் யாரோடு சாப்பிடுவார்கள், எருமை யார் வயலில் மேய்ந்தால் எவ்வளவு பெரிய சண்டை என்றெல்லாம் குறித்தார். வருஷக்கணக்கில் சீர்செய்து வைத்திருந்த குறிப்புகளோடு அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது, 1970 ஏப்ரல் 24 அன்று யாரோ அந்தக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று பிரதிகளும் எரிந்தன. மனுஷன் ஞாபகத்திலிருந்தே பெரும்பாலும் எழுதி 1976-இல் ஒரு புத்தகம் போட்டார், 'நினைவில் நிற்கும் கிராமம்' என்று அர்த்தம் வரும் தலைப்பில். சமூகவியல் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். ஃபாரங்கள் எரிந்திருந்தால் எந்தப் புள்ளிவிவர நிபுணரும் நெஞ்சைத் தொட்டு 43.7 சதவிகிதம் என்று எழுத முடியாது. ஆனால் சீனிவாஸ் சொன்னது நிஜமா என்று இன்னொருத்தர் சரிபார்ப்பதும் அதே அளவு கஷ்டம். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

இனி நம்ம பேட்டைக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 1. மறுநாள் காலை எட்டரை வரை இருபத்துநாலு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே ரயில் லைனில் இவ்வளவு வித்தியாசம். 'சென்னையில் மழை' என்று ஒரே எண்ணைச் சொன்னால் யாரோ ஒருத்தர் மூழ்கிப்போகிறார் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் வினாடிக்கு 29,000 கன அடி. இந்த எண் எல்லார் வாயிலும் புகுந்து புறப்பட்டது. நிஜமாகச் சொல்லுங்கள், 29,000 கன அடி என்றால் உங்களுக்கு என்ன புரிகிறது? ஒரு கன அடி கிட்டத்தட்ட 28 லிட்டர். பெருக்கினால் வினாடிக்கு எட்டு லட்சம் லிட்டருக்கு மேல். நம்ம தெருவுக்கு வருகிற பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி கணக்கில், வினாடிக்கு 68 லாரி. ஒன்... டூ... 136 லாரி. இப்படிச் சொன்னால் கொஞ்சம் புரிகிறது இல்லையா? எண்ணை மனுஷ பாஷைக்கு மாற்றிச் சொல்வதே பாதி வேலை.

மீதிப் பாதி இன்னும் முக்கியம். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் அதற்கு மேலே, ஆறு வருகிற வழியில் இருக்கின்றன. அங்கே வந்த வெள்ளம் செம்பரம்பாக்கத்து வெள்ளம் இல்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு தலைப்பகுதியிலேயே கரை புரண்டு வந்தது. முடிச்சூர்க்காரர் ஒருவர் ராத்திரி முழுக்கச் செம்பரம்பாக்கம் எண்ணையே கவனித்துக்கொண்டிருந்தால், அவருக்குக் கிடைத்தது சரியான எண். அவருக்குச் சம்பந்தமில்லாத எண். அவருக்குத் தேவைப்பட்டது ஒரே தகவல்: 'தண்ணி நம்ம தெருவுக்கு எந்த வழியா வரும், எத்தனை படி ஏறும்?'

இதற்கு எந்த மீட்டரிலும் பதில் இல்லை. ஆனால் ஊரில் மாடு வைத்திருக்கும் பெரியவர்களிடம் இருக்கிறது. ப்ளாட் போடுவதற்கு முன்னால் எங்கே நாற்று நட்டார்கள், எந்த மதகு எந்தப் பக்கம் திறக்கும், எந்த ரோடு ஒரு காலத்தில் வாய்க்கால் என்று விரல் நீட்டிச் சொல்வார்கள். ஊர்ப் பெயர்களே சொல்கின்றன. தாங்கல் என்றால் சின்ன ஏரி. பழவந்தாங்கலில் தினம் இறங்கி ஏறுகிறோம், பெயர்ப்பலகை கத்திக்கொண்டிருக்கிறது. 'இங்க அந்தக் காலத்துல தண்ணி நிக்கும் தம்பி' என்று ஒரு பெரியவர் சொன்னால் நம் பதில் என்ன? 'அப்ரூவ்டு ப்ளாட்டு பெரியவரே.'

அதற்காகப் பெரியவர் சொல்வதை மட்டும் வைத்துக்கொண்டு மதகைத் திறக்கவும் முடியாது. மழைமானியும் வேண்டும். மழைமானிக்குத் தெரியாததைப் பெரியவர் சொல்வார், பெரியவருக்குத் தெரியாததை மழைமானி சொல்லும். அவர் ஆயுளில் 49 சென்டிமீட்டர் பார்த்திருக்க மாட்டார்.

கடைசியாக, ஆஃபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்கு உபயோகமாக ஒரு விஷயம். இனிமேல் மீட்டிங்கில் யாராவது வண்ண வண்ணமாக வட்டப்படம் போட்டு 'எழுபது பர்சன்ட் கஸ்டமர்ஸ் திருப்தி' என்று சொன்னால், மூன்றே கேள்வி கேளுங்கள். எத்தனை பேரைக் கேட்டீங்க? யாரை விட்டுட்டீங்க? மீதி முப்பது பர்சன்டில் ஒருத்தர் வீட்டிலயாவது உட்கார்ந்து பேசினீங்களா? அதேபோல் யாராவது உருக்கமாக ஒரே ஒரு கஸ்டமர் கதையைச் சொல்லி எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்றால், ஒரே கேள்வி: இவர் மாதிரி எத்தனை பேர்? இன்க்ரிமென்ட் கிடைக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

எங்கள் பத்திரிகைத் தொழிலிலும் இதே கதைதான். எத்தனை பிரதி விற்றது என்று கணக்கு உண்டு. ஆனால் சேலையூர் ஸலூனில் ஒரே பிரதியை எத்தனை பேர் புரட்டுகிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்பது அங்கே போய் உட்கார்ந்தால்தான் தெரியும். போன வாரம் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் ஜோக்கையெல்லாம் படித்துச் சிரித்து, என் பக்கத்துக்கு வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 'அடுத்தது யாருப்பா?' என்று குரல் வந்தது. பக்கத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

மடித்து வைத்தார் என்பது ஒரு தகவல். அப்புறம் வந்து படிப்பதற்கா, மற்றவர்கள் ஏமாறக்கூடாது என்ற நல்லெண்ணத்திலா? முடி வெட்டி முடியும்வரை காத்திருந்து கேட்கலாம் என்றுதான் இருந்தேன். சில ஆராய்ச்சிகளை அப்படியே விட்டுவிடுவது உடம்புக்கு நல்லது.